மீனுக்கு அப்புறம்

என்னங்க,

தூண்டில் பெட்டியில் வைத்தால்தான் உங்கள் கண்ணில் படும் என்று இதை இங்கே வைக்கிறேன்.

நேற்று நீங்கள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கு வந்தேன். கண்ணை மூடி, வாய்விட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தீர்கள்.

"ஆண்டவரே, இந்தக் காத்துக்கு நன்றி. மாட்டின ரெண்டு மீனுக்கு நன்றி. ஆஸ்பத்திரியில என் பக்கத்துலயே கண்ணு முழிச்சுக் கிடந்தாளே, அவளுக்கும் நன்றி."

மீனுக்கு அப்புறம்தான் நானா? சாப்பாட்டை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் என்னிடம் நீங்கள் பேசுவதெல்லாம் "உப்பு கம்மி", "துண்டு எங்க" என்பது மட்டும்தான். ஆண்டவருக்கு நீங்கள் சொல்லாமலே எல்லாம் தெரியும். தெரியாமல் தவித்தவள் நான்தான்.

இப்படிக்கு,
ஏரிக்கரையில் மட்டும் புகழப்படுகிறவள்