ஒரு செம்புக்கு மேல் கூடாது

அன்புள்ள மானிசரா,

நீயும் அம்மாவும் சுகம்தானே? எருமை கன்று போட்டதா?

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் கொஞ்சம் கெட்டிருக்கின்றன, அவ்வளவுதான். நம் மலையில் சாப்பிட்டபின் ஒரு செம்புத் தண்ணீர் போதும். இந்த அரபு நாட்டுப் பாலைவனத்திலும் நான்கு வருடம் அப்படியே இருந்துவிட்டேன். கூடக் கம்பி கட்டும் ராஜஸ்தான்காரர் பூராராம் கத்துவார்: "குடிச்சுத் தொலைடா, நேபாளி! இது உங்க ஊர்க் குளிர் இல்ல!"

"அப்புறம் ஒண்ணுக்குப் பத்து மாடி இறங்கணுமே, அண்ணே!" என்று சிரிப்பேன்.

இப்போது குடித்தது வெளியே வராதாம். ஒரு நாளைக்கு ஒரு செம்புக்கு மேல் கூடாதென்கிறார் டாக்டர். தாகம் கொல்கிறது, மானிசரா. குழாயைத் திறந்து சத்தத்தை மட்டும் கேட்கிறேன்.

தசைன் பண்டிகைக்கு முன் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நர்ஸ் கூப்பிடுகிறாள், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என்னை வரவேற்க வாசலில் நிறைகுடம் வைக்காதே. குடித்துவிடுவேன்.

உன்,
தேக் பகதூர்