பாரிஸ் வட்டியில் ஒரு பிடித்தம்

12 பிப்ரவரி 2003, புதன்

பாரிஸ் பேங்கிலிருந்து வருடக் கணக்கு வந்தது. வட்டி போட்ட கையோடு அதில் ஒரு பங்கைப் பிடித்திருக்கிறார்கள். 'சமூகப் பங்களிப்பு' என்று பிரெஞ்சில் பெயர். அந்த ஊர் ஓட்டல் அடுப்படியில் வெந்து சேர்த்த பணம். நானும் மனைவி எல்லம்மாளும் காஞ்சிபுரத்துக்கே திரும்பி வந்தாயிற்று. இன்னும் எதற்கு என்னிடம் பிடிக்கிறார்கள்?

13 பிப்ரவரி

எரிச்சல் அடங்கவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

டெலிபோன் பூத்திலிருந்து பாரிஸில் இருக்கும் மகன் லோகேஸ்வரனுக்கு போன் போட்டேன். அந்தப் பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வயதானவர்களுக்கும் போகிறதாம். "அம்மாவுக்கு இங்க நெஞ்சுல வால்வு வச்சாங்களே, நாம என்னாப்பா குடுத்தோம்?" என்றான்.

ஒன்றும் கொடுக்கவில்லை. முகம் தெரியாத யார் யாரோ கொடுத்திருக்கிறார்கள். கோபம் போன இடம் தெரியவில்லை.

பிறகு அவனே சொன்னான்: வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. பேங்கில் என் விலாசம் இன்னும் அவன் வீடுதான். "இண்டியாவுல இருக்கறேன்னு எழுதிக் குடுத்தா புடிக்க மாட்டாங்க. ஆனா எழுதாதப்பா. பேங்குக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரி ஆபீசுக்கு ஒண்ணுன்னு சொல்ல முடியாது. இங்க இலவசமா வைத்தியம் பாக்குற அம்மா கார்டு போயிடும். திரும்ப ஏதாவது ஆச்சுன்னா?"

20 பிப்ரவரி

பிடித்துக்கொண்டு போகட்டும், கார்டு இருக்கட்டும். அதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் நான் அங்கே இல்லையே. இல்லாத ஊரில் இருப்பதாகச் சொல்லி மற்றவர்கள் போட்ட பணத்தில் கை வைப்பதா? அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என் நேர்மையை வைத்து என்ன செய்வேன்?

24 பிப்ரவரி

எல்லம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"மாடி ஏறுனா மூச்சு வாங்குதுய்யா. பொங்கல்லேர்ந்தே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பாரிசுக்குக் கெளம்புன்னுவ. அவங்க என்னை நல்லாத்தான் பாத்துக்கினாங்க. ஆனா இன்னொரு தபா அங்க போய்ப் படுக்க என்னால முடியாது."

கார்டு இருக்குது, கார்டு இருக்குதுன்னு இங்க ஒரு டாக்டர்கிட்டகூட கூட்டிக்கினு போவலியே நான்! பாரிஸிலிருந்து மகன் அனுப்பும் மருந்து பார்சலில் வந்தால் போதும் என்று இருந்துவிட்டேனே.

25 பிப்ரவரி

பேங்க், ஆஸ்பத்திரி ஆபீஸ் இரண்டு இடத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். காஞ்சிபுரம் விலாசம். லோகேஸ்வரனிடம் சொன்னேன். "உன் இஷ்டம்பா" என்று போனை வைத்துவிட்டான்.

3 மார்ச், திங்கள்

சென்னையில் பெரிய டாக்டரைப் பார்த்தோம். வால்வு நன்றாக இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தின் அளவுதான் தப்பிப்போயிருக்கிறது. ரத்தசோகை வேறு; அதனால்தான் மூச்சு வாங்குகிறதாம். "இவ்ளோ நாள் ஏன் வரல?" என்று என்னைத்தான் கேட்டார்.

"இனிமே மாசாமாசம் வரணும். எங்கேருந்து வர்றீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "காஞ்சிபுரம் சார். விடியக்காலையிலேர்ந்து பஸ்ஸு இருக்குது. வந்துடுவோம்."