சும்மா உட்காரும் ஐந்து நிமிடம்

பிப்ரவரி 3, திங்கள்
கழுத்து வலிக்காக மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். மனைவி சேர்த்துவிட்டாள் என்பதே சரி. "மானிட்டரைப் பார்த்துப் பார்த்து, உங்களையே மேசையில திருகி வச்ச மாதிரி ஆயிட்டீங்க" என்றாள். மறுத்துப் பேசத் தலையைத் திருப்பினேன். திரும்பவில்லை.

வகுப்பு நடத்தும் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். நான் ஓட்டமாகப் போய்ப் பாயில் உட்கார்ந்து மூச்சை இழுத்தேன். "இருங்க சார். உடம்புதான் வந்திருக்கு, நீங்க இன்னும் வரல. அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்க" என்றார்.

சும்மா உட்காருவது இவ்வளவு கஷ்டமா?

பிப்ரவரி 5
வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குச் செயலி எழுதுவது என் பிழைப்பு. பதிவுகளில் ஒரு விஷயம் உறுத்துகிறது. அடுத்தடுத்து மூன்று முறை பார்ப்பவர்களுக்கு முதல் எண்தான் பெரும்பாலும் அதிகம், மூன்றாவது இறங்கிவிடுகிறது. கருவிக் கோளாறு என்கிறார் மேனேஜர். அத்தனை பேர் வீட்டிலும் ஒரே கோளாறா?

பிப்ரவரி 6
மாடிப்படி ஏறி வந்த கையோடு எனக்கு நானே பார்த்தேன்: 146. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன்: 127. கருவி அதேதான், கையும் அதேதான். நான்தான் அதற்குள் வந்து சேர்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 10
எங்களுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவரிடம் என் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். "இது நாங்க படிச்ச பாலபாடம். அஞ்சு நிமிஷம் பேசாம உட்கார்ந்துட்டுத்தான் பார்க்கணும். யார் உட்கார்றா?"

ஆக, கேள்வி வேறு. உட்கார வைப்பது எப்படி? மேனேஜருக்கோ முப்பது விநாடியில் எண் வந்தாக வேண்டும்.

பிப்ரவரி 18
டீச்சரை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். ஐந்து நிமிடத்தை விநாடி விநாடியாகக் குறைத்துக் காட்டும் திரை ஒன்று செய்திருந்தேன். பார்த்ததும் முகம் சுளித்தார். "என்ன சார் இது, பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. எண்ணை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டு, மெல்ல விரிந்து சுருங்கும் ஒரு வட்டம் மட்டும் வைத்தேன். மேனேஜரை உட்கார வைத்தோம். "எனக்கு மீட்டிங் இருக்குப்பா" என்றவர் நான்காவது நிமிடத்தில் கண்ணை மூடினார். யாரும் எழுப்பவில்லை.

மார்ச் 4, செவ்வாய்
இருபது பேரை வைத்துச் சோதனை. பதினாறு பேருக்கு எண் இறங்கியது. கடைசியில் டீச்சர் விளையாட்டாகக் கையை நீட்டினார். "என்னுது நூத்திப் பதினஞ்சைத் தாண்டாது, பாருங்க."

ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். அவரைவிட அழகாக யாரால் உட்கார முடியும்?

172.

மறுபடி 170. வேறொரு கருவியில் 171. "உங்க மெஷின்ல ஏதோ கோளாறு" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கோளாறாகவே இருக்கட்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். இத்தனை வருட வேலையில், நான் செய்தது தப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தது இன்றுதான்.

மார்ச் 6
வகுப்பு இல்லை என்று செய்தி.

மார்ச் 8
இன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு
போன் செய்யலாமா, கூடாதா? நான் யார் கேட்க? மனைவியிடம் புலம்பினேன். "அவங்க பிரஷர் எவ்வளவுன்னு வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவங்ககிட்ட சொல்லாம இருந்துடாதீங்க" என்றாள்.

கூப்பிட்டேன். மருத்துவரைப் பாருங்கள் என்றேன். "இருபது வருஷமா எல்லாருக்கும் மூச்சு சொல்லிக் குடுக்கிறேன். நானே மாத்திரை போட்டா யாரு சார் வருவா?"

"நான் வருவேன் டீச்சர்."

"மூணு மாசமா தலைவலி இருக்கு" என்றார்.

மூணு மாசமா. அந்த வலியோடதான் எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்காங்க. ஒரு மாசமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், ஒண்ணும் தெரியலையே. நானெல்லாம் என்னத்தைக் கருவி செய்யறேன் —

மார்ச் 10
டீச்சரோடு மருத்துவமனைக்கு நானும் மனைவியும் போனோம். இதயத்தின் சுவர் லேசாகத் தடித்திருக்கிறதாம். நல்ல வேளை வந்தீர்கள் என்றாராம் அங்கிருந்த மருத்துவர். தினம் ஒரு மாத்திரை. "அப்போ மூச்சுப் பயிற்சி?" என்று டீச்சர் கேட்டதற்கு, "அதையும் விடாதீங்க, ரெண்டும் வேணும்" என்று பதில்.

வெளியே வந்து எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 25
டீச்சரே அலுவலகத்துக்கு வந்தார், ஒரு குறையோடு. எண் அதிகமானால் எங்கள் திரையில் சிவப்பில் வரும்: 'நிதானமாக இருங்கள்.'

"நிதானமா இருந்துதானே சார் எனக்கு 172 வந்துச்சு? இதைப் படிச்சா, நான் சரியா உட்காரலன்னுதானே தோணும்? அன்னைக்கு எனக்கு அப்படித்தான் தோணுச்சு."

எவ்வளவு பெரிய ஓட்டை. என் கண்ணில் படவே இல்லை. இருவரும் உட்கார்ந்து, மருத்துவரிடமும் காட்டி, மாற்றி எழுதினோம்: 'நீங்கள் சரியாகத்தான் உட்கார்ந்தீர்கள். எண் அதிகமாக இருக்கிறது. மருத்துவரைப் பாருங்கள்.' மேனேஜர் ஓர் எழுத்தைக்கூட வெட்டவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்
வகுப்பில் புதிதாக ஒரு அம்மா. "இதைச் செஞ்சா பிரஷர் மாத்திரையை நிறுத்திடலாமா டீச்சர்?" என்று கேட்டார்.

டீச்சர் தன் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி காட்டினார். "நான் காலையிலேயே போட்டுட்டேன். நீங்க?"

அந்த அம்மா தலையைக் குனிந்தபடி இல்லை என்றார்.

"வீடு பக்கத்துலதானே? போட்டுட்டு வாங்க. காத்திருக்கோம்."

பன்னிரண்டு பேரும் காத்திருந்தோம்.