அம்மா மேலே போன பத்து நிமிடம்

வட்டக்கச்சி,
14.03.2024

அன்பு மகன் ரஜிதனுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மருமகள் கௌசலாவும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாயிருக்க வேண்டுமென்று நான் பிள்ளையாரையும், அம்மா இயேசுவையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம், ஒருவர் மறந்தாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார். நெல் வெட்டி முடிந்தது, பன்றி தின்றது போக மிச்சம் வீடு வந்து சேர்ந்தது. போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் கடிதம்.

அம்மா சபைக்குப் போகத் தொடங்கி ஆறு வருடமாகிறது. இப்போது கர்த்தரின் வருகை கிட்டிவிட்டதாம், எக்காளம் தொனிக்குமாம், இறந்த விசுவாசிகள் கல்லறையிலிருந்து எழும்ப, உயிரோடிருக்கிற இவர்கள் இமைப்பொழுதில் மேகத்துக்குள் எடுக்கப்படுவார்களாம். நான் சைவக்காரன், கீழேதான் நிற்பேன். தான் எடுபட்டுப் போனால் இந்த மனிசன் பட்டினியெல்லோ கிடக்கப்போகுது என்று கவலைப்பட்டு எனக்குச் சோறு வடிக்கவும் தேங்காய்ப்பாலில் சொதி வைக்கவும் பழக்குகிறாள். சொதி ஒவ்வொரு முறையும் திரைந்து போகிறது. சாவுக்கே பயமில்லை என்கிற மனுசி என் சமையலுக்குப் பயப்படுகிறாள்.

போன கிழமை செவ்வாய் பின்னேரம் வயலிலிருந்து வந்தேன். படலை திறந்து கிடக்கிறது, அம்மாவின் செருப்பு வாசலில், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, ஆளைக் காணவில்லை. இராசமலர், இராசமலர் என்று கூப்பிட்டேன், சத்தமில்லை. நீ சிரிப்பாய், சிரி. எக்காளம் தொனித்து அவள் எடுபட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். போரில் ஷெல்லடிக்குள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும் நானும் அவளும் ஒருநாள்கூடப் பிரிந்து நிற்கவில்லை, இப்போது ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டாளே என்று கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சபைப் பாஸ்டர் அஜந்தன் வீட்டுக்கு ஓடினேன். பாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். அவரே இன்னும் போகவில்லை என்று கண்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என்ன ஐயா, இப்பிடி ஓடி வாறியள் என்று கேட்டார், சும்மா என்று சொல்லித் திரும்பினேன். வீட்டுக்கு வந்தால் அம்மா நிற்கிறாள், பக்கத்து வளவுக்குள் பாய்ந்த கன்றுக்குட்டியைப் பிடிக்க வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள். பால் பொங்கினதற்கும் எனக்குத்தான் பேச்சு விழுந்தது.

அதற்குப் பிறகு ஒரு கிழமையாக யோசித்தேன். தன்னை எரிக்கக்கூடாது, சபையின் சேமக்காலையில் அடக்கம் செய்ய வேண்டும், அந்த நாளில் அங்கேயிருந்துதான் எழும்புவேன் என்று அம்மா கேட்டு நான் ஓம் சொன்னது உனக்குத் தெரியும். எனக்கு நீ வந்து கொள்ளி வைப்பாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மகன், எனக்குக் கொள்ளி வேண்டாம். என்னையும் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய். பாஸ்டரிடம் கேட்டுவிட்டேன், அதுக்கென்ன ஐயா, இடம் கிடக்குத்தானே என்றார். ஒரே மகன் இருக்க மண்ணுக்குள்ளோ வைக்கிறது என்று யாழ்ப்பாணத்துச் சித்தப்பா சண்டைக்கு வந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு, பத்திரமாக வை. கொள்ளி வைக்கவில்லையே என்று நீ மனம் நோகாதே, அது என் விருப்பம்.

அம்மாவிடம் இப்போது வாய் விட்டுவிடாதே, சபையில் எழும்பிச் சாட்சி சொல்லிவிடுவாள். நான் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, இன்று காலையும் திருநீறு பூசினேன். அவள் சொல்கிறபடி நடக்குமோ நடக்காதோ எனக்குத் தெரியாது. நடந்தால், எழும்பிப் பார்த்து என்னைக் காணாமல் அவள் தேடக்கூடாது.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடு வாழ வேண்டும்.

அன்பு அப்பா,
ஐயாத்துரை