பரீட்சையில் பல்லிக்குப் பதில் சொன்னேன்

என் செல்ல அப்பாவுக்கு,

இதைக் கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் மகள் கோகிலா பரீட்சையில் காப்பியடித்தாள் என்று புகார் வந்து, விசாரணையே நடந்து முடிந்துவிட்டது. அதற்கு முழுக் காரணம் நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரைக்கும் கேளுங்கள்.

ஆன்லைனில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தபோது, இந்த வயதில் என்ன படிப்பு என்று எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் மட்டும், "என்ன பாடம் சாமி?" என்றீர்கள். அமெரிக்க இலக்கியம், அதுவும் ஆரம்ப காலத்தது என்றேன். "அமெரிக்காக்காரன் நெலாவுக்கே போயிட்டு வந்துட்டான். அவன்ற பழங்கதையை நீ எதுக்குப் படிக்கோணும்?" என்று சிரித்தீர்கள். ஆனால் உங்கள் போர்வெல் ரிக் வண்டி ஆட்களிடம் பெருமையாகச் சொன்னதில், ஜேடர்பாளையத்தில் பாதிப் பேர் நான் அமெரிக்காவுக்கே போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இன்னமும் சிலர் எப்போது வந்தாய் என்று கேட்கிறார்கள்.

அந்தப் பாடம் தொடங்கியபோது நீங்கள் இல்லை. அதனால் இப்போது சொல்கிறேன். கப்பலேறிப் போய்க் குடியேறியவர்கள் எழுதிய நாட்குறிப்புகளும் பிரசங்கங்களும் அதில் இருக்கின்றன. அவர்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் வாய்வழியாகச் சொல்லி வந்த கதைகளும் இருக்கின்றன. குடியேறியவர்களுக்கு எதைப் பார்த்தாலும் கடவுள் தங்களிடம் பேசுகிறார் என்றுதான் தோன்றியிருக்கிறது. மழை பொய்த்தால் ஒரு சேதி, கப்பல் கரை சேர்ந்தால் ஒரு சேதி, மாடு செத்தால் அதுவும் சேதிதான். கூடப் படிப்பவர்கள் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு என்னவோ நம் வீட்டு விஷயத்தைக் கேட்பது போல இருந்தது.

பல்லி கத்தாமல் நீங்கள் என்றைக்காவது போர் போடக் கிளம்பியிருக்கிறீர்களா? ஆட்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பீர்கள். அது கத்தியதும் சுவரை விரலால் தட்டி, "சரிங்க சாமி" என்பீர்கள். வண்டியை மறித்த போலீஸ்காரரையே ஒருமையில் பேசிய மனிதர், பல்லிக்கு மட்டும் மரியாதை தவறியதில்லை. "அது பசிக்குக் கத்துதுங்க, நீங்க கெளம்புங்க" என்று அம்மா கேலி செய்து ஓய்ந்துபோனார்.

அந்தப் பழக்கம் எனக்கு எப்போது ஒட்டியது என்று தெரியவில்லை. நீங்கள் போன பிறகுதான் என்று நினைக்கிறேன்.

திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரே தறிச் சத்தம். அதனால் ஜேடர்பாளையத்தில் நம் வீட்டுக்கு வந்து, உங்கள் அறையில் உட்கார்ந்துதான் வகுப்புகளைக் கேட்பேன். பரீட்சையையும் அங்கேயே எழுதினேன். கம்ப்யூட்டரின் கேமராவும் மைக்கும் நம்மைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். அறைக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் குடியேறிகள் சகுனங்களை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே, குஷியாக எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது காலண்டருக்குப் பின்னாலிருந்து பல்லி கத்தியது. என் விரல் தானாக மேசையைத் தட்டியது, வாய் தானாக "சரிங்க சாமி" என்றது.

சொன்னதே எனக்கு நினைவில்லை. மின்னஞ்சல் வந்த பிறகுதான் தெரிந்தது. அறையில் இன்னொருவர் இருந்து விடை சொல்லியிருக்கிறார், நான் அதற்குச் சரி என்றிருக்கிறேன் என்று சந்தேகமாம். விடைத்தாளை நிறுத்தி வைத்துவிட்டார்கள். குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தது.

உங்கள் மாப்பிள்ளை எனக்கு வழி சொன்னார். "பல்லின்னா சிரிப்பாங்க கோகிலா. அத்தை காப்பி கொண்டாந்தாங்க, அவங்களுக்குத்தான் சொன்னேன்னு சொல்லீரு. சின்னத் தப்புன்னு உட்ருவாங்க." அம்மாவும் தயாராகிவிட்டார். "வேணும்னா நானே வாரேன் சாமி. காப்பி குடுத்தேன்னு அந்த டிவிப்பொட்டியில வந்து சொல்றேன்" என்றார். எனக்கும் சபலம்தான். இத்தனை தூரம் படித்துவிட்டு வெளியே போக யாருக்கு மனசு வரும்?

விசாரணையும் வீடியோவில்தான். குழுத் தலைவர், இன்னொரு அம்மையார், எங்களுக்குப் பாடம் எடுக்கும் மேடம் என்று மூன்று பேர். பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பல்லிச் சத்தம் அதில் கேட்கும், தப்பித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். ஆனால் மனிதக் குரல் தவிர மற்ற சத்தத்தையெல்லாம் அந்த மென்பொருளே வடிகட்டிவிடுமாம். பல்லி போய்விட்டது, என் குரல் மட்டும் பவ்யமாகக் கேட்டது.

"யாருக்குச் சொன்னீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"பல்லிக்குங்க."

அந்த அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவர் சிரிக்கவில்லை. "எம்.ஏ. படிக்கிறீங்க. இதையெல்லாம் நம்பறீங்களா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அப்பா. ஆனால் உங்கள் அறையில், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் சொல்வேன்?

"நம்பறனான்னு எனக்கே தெரியலீங்க. எங்கப்பா அதுக்குப் பதில் சொல்லாம இருந்ததே இல்லீங்க. அவரு போனப்புறம், இந்த ஊட்டுல அது கத்துனா பதில் சொல்ல ஆளில்லீங்க. அதனால நான் சொல்றேனுங்க."

மூன்று பேர் பார்க்க அழுதுவிட்டேன்.

மேடம்தான் முதலில் பேசினார். "சார், என் கிளாஸ் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாருங்க. இவங்க அங்கேயும் இதையே சொல்லியிருப்பாங்க. நான் ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். பரவாயில்லை, ஒருத்தராவது பாடத்தைக் கவனிக்கிறாங்களேன்னு சந்தோஷமா இருந்தேன்." அப்போதுதான் தலைவர் சிரித்தார். போட்டுப் பார்த்தார்கள். வருகைப் பதிவின் நடுவே ஒரு "சரிங்க சாமி", யாரோ ஒரு பையன் சந்தேகம் கேட்கும்போது இன்னொரு "சரிங்க சாமி". என் விடைத்தாளைத் திருத்தச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் பாஸ் அப்பா. நல்ல மார்க்.

ஒன்று மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடல் தாண்டிப் போன அந்த மனிதர்கள் பயத்தில்தான் எல்லாவற்றிலும் சேதி தேடினார்களா? தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமல் வண்டியெடுத்த உங்களுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்ததா? போய் வா என்று யாராவது சொன்னால் போதும் என்று நின்றீர்களா? உங்களிடம் இதைக் கேட்கத் தோன்றவே இல்லையே எனக்கு.

அடுத்த பரீட்சை தை மாதம் வருகிறது. எழுதி முடிக்கும் வரைக்கும் ஒரு சத்தமும் வரக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார்கள். உங்கள் அறையில்தான் எழுதுவேன். இந்தப் படிப்பை முடிப்பேன், எழுதும்போது வாயைத் திறக்க மாட்டேன், இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த நேரம் பார்த்துப் பல்லி கத்தினால், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் அப்பா.

என்றும் உங்கள் மகள்,
கோகிலா