இடுக்குக்கு ஒரு கோட் வெள்ளை

ஜூன் 3, செவ்வாய்

பல் டாக்டரின் புது வீட்டில் இரண்டாவது கோட் முடிந்தது. நல்ல சுவர், நல்ல வெளிச்சம். பெயிண்ட் வாசனையோடு வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்க ஆள் இல்லை. என் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு பதினோரு நாள்.

சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. மூச்சு இளைப்பு தாங்காமல் போனாள். "வீட்ல பாத்ரூமை முதல்ல பாருங்க. அந்தப் பூஞ்சை இருக்கிற வரைக்கும் மருந்து பாதிதான் கேக்கும்" என்று அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அவளிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுப்பு. அடியில் மூன்று வரிசை, குழாய்க்குக் கீழே மூலை முழுக்க. இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு வருஷமாக "இந்த ஞாயித்துக்கிழமை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர்ச் சுவரையெல்லாம் வெளுக்க வைக்கிறவன் வீட்டு லட்சணம் இது.

ஜூன் 8, ஞாயிறு

முடித்துவிட்டேன், ஒரே மதியத்தில்! துடைத்து, காயவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காக வெள்ளை எனாமல் பெயிண்ட், இரண்டு கோட். டைல்ஸ் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. கை சுத்தம் என்றால் இதுதான்.

போனில் கேட்டாள், "சுத்தமா போயிடுச்சா?"

"வந்து பாரு, பால் மாதிரி இருக்கு" என்றேன். அதில் பொய் இல்லை. பால் மாதிரிதான் இருக்கிறது. வாசனை போக ஒரு வாரம் ஆகட்டும் என்றேன். "என்ன வாசனை?" என்றாள். "மருந்து அடிச்சிருக்கேன்" என்றேன்.

அது பொய்.

ஜூன் 15, ஞாயிறு

வந்துவிட்டாள். பாத்ரூமைப் பார்த்து, "பரவாயில்லையே, சொன்னா செய்யத்தான் செய்றீங்க" என்றாள். வெட்கமாக இருந்தது. சிரித்து வைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தவள் கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு வரவில்லை. உதடு வெளுத்துவிட்டது. கிளினிக்கில் முகத்தில் குழாயை மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். ஒரு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீடு திரும்பியதும் நேரே பாத்ரூமுக்குப் போய் ஹேர்பின்னால் ஓர் இடுக்கைச் சுரண்டினாள். வெள்ளை தோலாக உரிந்து வந்தது. உள்ளே அதே கறுப்பு, சொதசொதவென்று.

கத்தியிருந்தால் தேவலாம். "எனக்கும் சேத்து ஒரு கோட் அடிச்சிட்டீங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்விட்டாள்.

நான்லாம் என்ன மனுஷன்? கூட இருக்கிறவளுக்கு மூச்சு முட்டுது, நான் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டு நிக்கிறேன். வேற ஒண்ணும் தெரியாதா எனக்கு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, சாட்சாத் அதேதான்.

ஜூன் 21, சனி

டைல்ஸ் வேலை செய்யும் சுருட்டையைக் கூட்டிவந்து காட்டினேன். இருபது வருஷமாக ஒரே கட்டடங்களில் வேலை பார்க்கிறோம். அவன் டைல்ஸ் மேல் நான் பெயிண்ட் சிந்துவேன், அவன் என் சுவரில் சிமென்ட் தெளிப்பான். இன்று அவனுக்குத்தான் கொண்டாட்டம்.

"உங்க ஆளுங்க புத்தியே இதான்பா. ஓட்டைன்னா பட்டி வெச்சு அடைப்பீங்க, கறைன்னா பெயிண்ட். அது செடி மாதிரி உசுரு உள்ளது. மேல மூடினா உள்ள நல்லா வளரும்."

ஆசிட் ஊற்றட்டுமா என்றேன். "ஆசிட் இடுக்குல நிரப்பியிருக்கிற ஜாயின்ட்டையே தின்னுடும். ப்ளீச்தான் போடணும். அது ஊத்தின இடத்துல ஆசிட்டும் பட்டா கிளம்புற புகையில, உன் வீட்டம்மா வர்றதுக்குள்ள நீ போய்ச் சேந்துடுவ!"

ஜூன் 22, ஞாயிறு

ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் என் எனாமலையே சுரண்ட வேண்டியிருந்தது. அடித்ததைவிட உரிக்க நான்கு மடங்கு நேரம். பிறகு தண்ணீர் கலந்த ப்ளீச், கால் மணி நேரம் ஊறல், பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவல், மறுபடியும் அதே. உப்பிப்போன இடங்களில் பழைய ஜாயின்ட்டைக் கீறி எடுத்துவிட்டேன். குழாய் சுவருக்குள் நுழையும் வளையத்துக்குப் பின்னால் நீர் கசிகிறது. இரண்டு வருஷமாக அந்த மூலை காயவே இல்லை. முழங்கால் விட்டுப்போயிற்று.

ஜூன் 26, வியாழன்

திங்களன்றே பிளம்பர் வந்து கசிவை அடைத்தார். மூன்று நாள் காயப்போட்டு இன்று புது ஜாயின்ட் பவுடர் நிரப்பினேன். வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறமே போதும் என்று கேட்டு வாங்கினேன்.

ஜூன் 28, சனி

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மறுபடி கரண்ட் கொடுத்தேன். மதியத் தூக்கம் கெடுகிறது என்று ஒயரைக் கழற்றிவிட்டவன் நான்தான். இதையும் எழுதி வைக்கிறேன். இனி குளித்ததும் ரப்பர் பட்டையால் சுவர்த் தண்ணீரை வழித்துவிட வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

தினமும் போன் செய்கிறாள். மழையைப் பற்றிப் பேசுகிறாள், சாப்பிட்டாச்சா என்கிறாள். சுரண்டிக் கழுவியதை நான் சொன்னாலும் பாத்ரூமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டு என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டாளோ?

ஜூலை 18, வெள்ளி

மூலையில் இரண்டு புள்ளி. கடுகளவு. கறுப்பு.

இத்தனை செய்த பிறகுமா? பையில் பிரஷ் இருந்தது, எனாமலும் இருந்தது. ஒரு தொடுதல் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? டப்பாவின் மூடியைக்கூடத் தொட்டுவிட்டேன்.

வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன். "மூலையில ரெண்டு புள்ளி திரும்ப வந்திருக்கு."



"தேய்ச்சீங்களா?"

"இன்னும் இல்ல. முதல்ல உன்கிட்ட சொல்லிடலாம்னு."

"சரி" என்று வைத்துவிட்டாள். இன்னும் ஆறு மாதம் வரமாட்டாள் போலிருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

புள்ளி வந்த அந்த மூலை ஷாம்பூ பாட்டில் உட்காரும் இடம். அடியில் தண்ணீர் தேங்குகிறது. தேய்த்து, காயவைத்து, பாட்டில்களை வெளி அலமாரிக்கு மாற்றினேன். இப்போதைக்குப் போய்விட்டது. இப்போதைக்கு என்றுதான் எழுத முடியும்.

ஜூலை 27, ஞாயிறு

காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள், இரண்டு பைகளோடு. குளித்தாள். ஃபேன் ஓடியது. சுவரை வழிக்கும் சத்தம் கேட்டது. நான் கதவுக்கு வெளியே அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றேன். சாதாரணமாகத்தான் இருந்தது.

மத்தியானம் அவள் அக்காவின் போன். நான் அடுத்த அறையில் இருந்தேன். அக்கா என்ன கேட்டார் என்று தெரியவில்லை. இவள் சொன்னது மட்டும் கேட்டது.

"முழுசா போயிடுச்சான்னு தெரியலக்கா. வந்தா வந்திருக்குன்னு சொல்லிடுவாரு."