நாலுன்னு சொன்னா

மார்ச் 3, செவ்வாய்

இன்னிக்கு பதினோரு கேஜ் பார்த்தேன். பாய்லர்ல மாட்டற பிரஷர் கேஜ். ஒன்பது சரி. ரெண்டு கம்மியா காட்டுது. அதுக்கு சிவப்பு ஸ்டிக்கர்.

நாப்பத்துமூணு நாள் ஆச்சு. எழுதினா தூக்கம் வரும்னு டாக்டர் சொன்னார். எழுதறேன். வரல.

மத்தியானம் அவ ஃபோன் அடிச்சுது. இன்னும் சார்ஜ் போட்டு சட்டைப் பையில வெச்சுட்டுதான் சுத்தறேன். ஒரு பொண்ணு பேசுச்சு. "மேடம் இருக்காங்களா?"

"நான் அவ வீட்டுக்காரர்தான். சொல்லுங்க."

"ஏப்ரல் ஒன்பது, வியாழன், காலையில பதினொண்ணு சார். ஆட்டிசம் அசெஸ்மென்ட், பெரியவங்களுக்கானது. பத்து மாசமா காத்துக்கிட்டு இருக்காங்க, அதான் ஞாபகப்படுத்தறோம். அப்புறம் நீங்க நிரப்ப வேண்டிய ஃபார்ம் மட்டும் இன்னும் வரல. வர்றீங்கதானே?"

"வர்றோம்"னேன்.

வர்றோம். யாரு?

மார்ச் 4, புதன்

நேத்து அந்த அசெஸ்மென்ட் பத்தி என்னமோ எனக்கே தெரியாத மாதிரி எழுதிட்டேன். தெரியும். அவ சொன்னா.

மார்ச் 5, வியாழன்

போன வருஷம் மே மாசம். நான் சட்டை அயர்ன் பண்ணிட்டு இருந்தேன். அவ கதவுகிட்ட நின்னு, ஒப்பிக்கற மாதிரி சொன்னா: "எனக்கு ஆட்டிசம் இருக்கலாம்னு நினைக்கிறேன். ஆறு மாசமா படிச்சுப் பார்த்தேன். பொண்ணுங்களுக்கு இருந்தா பெரும்பாலும் கண்டுபிடிக்கறது இல்லையாம். எனக்கு இப்போ முப்பத்திரண்டு."

நான் சிரிச்சேன். "ஏய் டைம்டேபிள், நெட்ல படிச்சா எல்லா வியாதியும் நமக்கு இருக்கற மாதிரிதான் இருக்கும். நேத்து முதுகு வலிக்குதுன்னு நான் தேடினேன், எனக்குப் பிரசவ வலின்னு வந்துச்சு."

அவ என் முகத்தைப் பார்த்தா. அப்புறம் அவளும் சிரிச்சா. ஒரு நொடி லேட்டா.

டைம்டேபிள்னு நான்தான் பேரு வெச்சேன். ஏழரைக்கு டீ, ஏழு நாப்பதுக்குக் குளியல். மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வெப்பாங்களே ஒரு சீட்டு, பொடி எழுத்துல, அதை அச்சடிக்கற இடத்துல பிழை பார்க்கற வேலை அவளுக்கு. ஆறு வருஷத்துல ஒரு மில்லிகிராம் தப்பு போனது இல்ல.

மார்ச் 7, சனி

ஃபார்ம் கிடைச்சிருச்சு. என் டூல்ஸ் பையில, பக்கத்து ஜிப்புக்குள்ள. எட்டு பக்கம். ஒரு மூலையில கிரீஸ் கறை. 'உடன் வாழ்பவர் நிரப்ப வேண்டியது'ன்னு மேல போட்டிருக்கு. அதுல அவ ஒட்டின மஞ்சள் சீட்டு: "அவசரம் இல்லை. முடியும்போது. நன்றி."

ஜூன்ல குடுத்தா. ஜூன்!

ஒரு தடவைதான் கேட்டா. அப்புறம் கேக்கவே இல்ல. சரி, அவளே விட்டுட்டா போலன்னு நினைச்சேன். நினைச்சேனா? நினைக்கவே இல்ல. மறந்துட்டேன். அதான் உண்மை.

மார்ச் 8, ஞாயிறு

நிரப்ப உக்காந்தேன். யாருக்குன்னு கேக்காத. குடுக்கறேன்னு சொன்ன ஃபார்ம், அவ்வளவுதான்.

'சத்தம், வெளிச்சம், துணி ஆகியவை இவரை அதிகமாகப் பாதிக்கின்றனவா?'

சமையலறை டியூப்லைட் கத்துதுன்னு சொல்வா. நான் மீட்டர் வெச்சுப் பார்த்து, லைட்ல ஒண்ணும் இல்ல, உனக்குத்தான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ அந்த லைட்டைப் போட்டதே இல்ல. ஜன்னல் வெளிச்சத்துலயே சமைச்சா. சிக்கனம்னு நினைச்சேன்.

'வெளியே சென்று வந்த பின் தனியாக இருக்க வேண்டியுள்ளதா?'

கூட்டத்துக்குப் போயிட்டு வந்தா பாத்ரூம்ல லைட்டை அணைச்சுட்டுத் தரையில உக்காந்துடுவா. இருபது நிமிஷம். எங்க வீட்டு ஆளுங்க மேல கோவம்னு நினைச்சேன். எங்கம்மா ஒரே வார்த்தைல முடிச்சாங்க: "திமிரு." நானும் கதவைத் தட்டி, "போதும்டி, யாரு என்ன சொன்னாங்கன்னு சொல்லித் தொலை"ன்னு கத்துவேன். அவ வெளியில வந்து மன்னிப்பு கேப்பா. எதுக்குன்னு தெரியாமலே.

எழுத எழுதக் கை நிக்கல. எல்லாம் தெரிஞ்சிருக்கு எனக்கு. ஒண்ணு விடாம பார்த்திருக்கேன். பார்த்துட்டு ஒவ்வொண்ணுக்கும் வேற பேரு வெச்சிருக்கேன்.

இருபத்திரண்டாவது கேள்விகிட்ட நின்னுட்டேன். 'வலியை உணர்வதிலோ வெளிப்படுத்துவதிலோ வித்தியாசம் உண்டா?'

முடியல. மூடி வெச்சுட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

சமையலறை டியூப்லைட்டைக் கழட்டிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

இன்னிக்கு வேலையில ஒரு கேஜுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிட்டு, மறுபடி பிச்சு, மறுபடி பார்த்தேன். நாலு தடவை. சூப்பர்வைசர் வந்து பக்கத்துல நின்னார். "தம்பி, கேஜே உன்னைப் பார்த்து 'போதும் விட்றா'ங்குது." யாரும் சிரிக்கல. அப்புறம் மெதுவா, "வீட்டுக்குப் போறியா?"ன்னார். வீட்ல என்ன இருக்கு சார்னு கேட்டேன். அவர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னாடி வெச்சுட்டுப் போயிட்டார்.

சரி, எழுதிடறேன்.

ஜனவரி 16. காலையில இருந்து வயிறு வலிக்குதுன்னா. முகத்துல ஒண்ணும் தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவுல நர்ஸ் கேட்டாங்க: "வலி எவ்வளவும்மா? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

அவ ரொம்ப நேரம் யோசிச்சா. உதடு அசைஞ்சுது, கணக்குப் போடற மாதிரி. "நாலு."

நர்ஸ் என்னைப் பார்த்தாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவ எப்பவும் கரெக்டா சொல்வா சிஸ்டர். ஒரு புள்ளி தப்பாது." பெருமையா சொன்னேன். பெருமையா!

டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்தார். அவ கத்தல. கேஸ் டிரபிள்தான்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. மறுநாள் மத்தியானம் துணி மடிச்சுட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சா. குடல்வால் வெடிச்சு உள்ளே முழுக்கப் பரவிடுச்சுன்னாங்க. திங்கக்கிழமை போயிட்டா.

மார்ச் 15, ஞாயிறு

அவ ஆபீஸ்ல இருந்து அவ டிராயர்ல இருந்த சாமானை அனுப்பி வெச்சிருந்தாங்க. லென்ஸ், ஸ்கேல், சிவப்புப் பேனா மூணு, ஒரு சின்ன நோட்டு. வேலை நோட்டுன்னு திறந்தேன். முதல் பக்கத்துல 'விதிகள்'னு எழுதி அடிக்கோடு போட்டிருக்கா.

"'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டா நிஜமா கேக்கல. நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க. அவ்வளவுதான்."

"கண்ணைப் பார்க்க முடியலைன்னா புருவத்தைப் பாரு. யாருக்கும் தெரியாது."

"அவர் ஏதாவது சொன்னா, ஜோக்கான்னு அவர் வாயைப் பாரு. சிரிச்சா சிரி."

அன்னிக்கு அயர்ன் டேபிள்கிட்ட அதான் பார்த்திருக்கா. என் வாயை.

"ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் ஞாபகப்படுத்தலாம். ரெண்டாவது தடவை நச்சரிப்பு."

நான் கத்தினேன்னு நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினாங்க. ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டேன்.

கடைசிப் பக்கம்: "எனக்கு ரொம்பத் தெரியறது மத்தவங்களுக்கு அவ்வளவு இருக்காது. முழுசா சொன்னா நடிக்கிறேன்னு சொல்வாங்க. அதனால பாதியாக்கிச் சொல்லு."

பாதியாக்கி.

நாலு.

மார்ச் 16, திங்கள்

எட்டுடி. எட்டு. எட்டுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே ஸ்கேன் எடுத்திருப்பாங்களேடி. யார்றி உன்னைப் பாதியாக்கச் சொன்னது? நானா? நான்தானா? கம்மியா காட்டற கேஜை நூறு அடி தள்ளி இருந்தே கண்டுபிடிப்பேன்டி நான். அதுதான்டி என் பொழப்பு. ஏழு வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டு, உனக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிட்டேனே—

மார்ச் 17, செவ்வாய்

வேலைக்குப் போகல. குளிக்கல.

மார்ச் 19, வியாழன்

22. ஆம். சொல்வதற்கு முன் பாதியாக்குவாள். இது எனக்குத் தெரியாது.

கையெழுத்துப் போட்டு தேதியும் போட்டேன். ஃபார்ம் முடிஞ்சுது. குடுக்க ஆள் இல்ல.

மார்ச் 21, சனி

அவ அக்கா வந்தாங்க. முந்தாநாளே மெசேஜ்: "சனிக்கிழமை பத்துக்கு வருவேன். பத்தே முக்காலுக்குப் போயிடுவேன். அவ துணியை எடுத்துக்கணும்." ஃபோன் பண்ணவே மாட்டாங்க. நாப்பத்தொரு வயசு. தையல் கடை. கல்யாணம் ஆகி மூணே மாசத்துல பெட்டியோட திரும்பி வந்தவங்க. சொந்தக்காரங்க அவங்களுக்கு வெச்ச பேரு முசுடு. எனக்கும் அவங்களைக் கண்டா கொஞ்சம் பயம்தான்.

உக்காருங்கன்னேன். நின்னுக்கிட்டே ஒவ்வொரு துணியையும் எடுத்து, கழுத்துப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"எல்லாத்துலயும் லேபிளை வெட்டியிருக்கா."

"ஆமாக்கா. குத்துதும்பா."

"வெட்டத் தெரியல கழுதைக்கு. தையலைப் பிரிச்சு எடுக்கணும். கத்தரிச்சா மிச்சம் இருக்கறது இன்னும் மோசமா குத்தும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "தையல்காரிகிட்ட கேக்கற கேள்வியா இது, தம்பி?"

மேஜை மேல ஃபார்ம் இருந்துச்சு. என்னதுன்னு கேட்டாங்க. சொன்னேன். எடுத்துப் படிக்க ஆரம்பிச்சாங்க. "கையெழுத்தா இது? கோழி கிளறின மாதிரி இருக்கு"ன்னாங்க. எட்டு பக்கம். பத்தே முக்கால் ஆச்சு. பதினொண்ணு ஆச்சு. நோட்டையும் நீட்டினேன். கடைசிப் பக்கம் வந்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

"நடிக்காதடின்னு சொன்னது நான்தான்."

"சின்ன வயசுல சட்டை குத்துதுன்னு அழுவா. மிக்ஸி போட்டா காதைப் பொத்திக்கிட்டு ஓடுவா. நான் கிள்ளுவேன். எனக்கும் குத்துச்சு, தம்பி. எனக்கும் காது வலிச்சுது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இவ மட்டும் அழறாளேன்னு கோவம். எப்படி இவளுக்கு மட்டும் அழ முடியுதுன்னு."

துணியை விட்டுட்டே போயிட்டாங்க.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா மெசேஜ், காலையில ஆறு மணிக்கு: "வெளியில போயிட்டு வந்தப்புறம்னு ஒரு கேள்வி இருந்துச்சே. அது அவளைப் பத்தியா, என்னைப் பத்தியா? அந்த மூணு மாசமும் நான் பாத்ரூம்லதான் இருந்தேன். அதான் திருப்பி அனுப்பினாங்க. யார்கிட்டயும் சொன்னது இல்ல."

மார்ச் 27, வெள்ளி

அந்த கிளினிக்குக்கு ஃபோன் பண்ணினேன். முதல் தடவையா வாய்விட்டுச் சொன்னேன். "அவ இறந்துட்டா. ஜனவரியிலயே. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பொண்ணு, "பரவால்ல சார், கேன்சல் பண்ணிடறேன்"னுச்சு.

"வேண்டாம். கேன்சல் பண்ணாதீங்க. அவளோட அக்கா இருக்காங்க."

"அப்படி மாத்தித் தர மாட்டாங்க சார். வரிசையில நிறைய பேர் இருக்காங்க."

கெஞ்சினேன். அவ உயிரோட இருந்தப்போ அவளுக்காக ஒருத்தர்கிட்டயும் கெஞ்சினது இல்ல. பெரிய டாக்டரைக் கேட்டுட்டு சொல்றேன்னு வெச்சிருச்சு. நாலு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டுச்சு. "டாக்டர் அந்த நேரத்துலயே வரச் சொன்னாங்க. முதல் கட்டப் பேச்சு மட்டும்தான். மத்ததுக்கு அவங்களும் வரிசையிலதான் வரணும்."

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா மாட்டேன்னுட்டாங்க. "நாப்பத்தொரு வயசுல தெரிஞ்சு என்னத்தைக் கிழிக்கப் போறேன்? முசுடுன்னு சொன்னாங்க, இருந்துட்டுப் போறேன். போறவ போயிட்டா. நீங்க உங்க மனசு ஆற என்னை இழுக்கறீங்க."

உண்மைதான். அதுக்குத்தான் இழுக்கறேன். அதையே பதிலா அனுப்பினேன்: "ஆமாக்கா. அதுக்குத்தான். ஆனா உங்களுக்கு வலிச்சா கேக்கறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல?"

ரெண்டு நீல டிக் வந்துச்சு. பதில் வரல.

ஏப்ரல் 6, திங்கள்

வரல.

ஏப்ரல் 8, புதன்

"நாளைக்கு பத்து இருபதுக்கு உங்க வீட்டு வாசல்ல நில்லுங்க. வழியில பேசக் கூடாது."

ஏப்ரல் 9, வியாழன்

பேசல.

வரவேற்புல இருந்த பொண்ணு, "எப்படி இருக்கீங்க மேடம்?"னுச்சு. அக்கா, "நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க?" நோட்டுல இருந்த அதே வாக்கியம். ஒரு எழுத்து மாறல.

டாக்டர் ஒரு வயசான அம்மா. என்னையும் உள்ளே இருக்கச் சொன்னாங்க. முதல் கேள்வி: "இங்க வந்து உக்காரறது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? பத்துக்கு எவ்வளவு சொல்வீங்க?"

அக்கா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. உதடு அசைஞ்சுது. மடியில கட்டைவிரல் நகத்தை மத்த விரல் சுரண்டிட்டு இருந்துச்சு. ஓரமெல்லாம் ரத்தம்.

"மூணு."

டாக்டர் பேனாவை எடுத்தாங்க.

"எழுதாதீங்க டாக்டர்"னேன். குரல் பெருசா வந்துருச்சு. "இவங்க சொல்ற நம்பர் கம்மியா இருக்கும். தயவுசெஞ்சு இன்னொரு தடவை கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தாங்க. பேனாவைக் கீழ வெச்சாங்க. இன்னொரு தடவை கேட்டாங்க. மெதுவா.

அக்கா டாக்டரோட புருவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் தலையைக் குனிஞ்சுட்டாங்க. "எட்டு. இல்ல... தெரியல. ரொம்ப. ரொம்ப நாளா."

ரெண்டு மணி நேரம் ஆச்சு. இன்னும் நாலு தடவை வரணுமாம். அவ ஃபார்மையும் குடுத்தேன். டாக்டர் வாங்கி ஃபைல்ல வெச்சுக்கிட்டாங்க. வரும்போதும் பேசல.

சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு:

"பாத்ரூம்ல லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருக்கேன். கோவம் எதுவும் இல்ல தம்பி. சும்மா சொல்லணும்னு தோணுச்சு."